பல சோதனைக் கைபேசிகளில் ஒரே நேரத்தில் செயலியை நிறுவுதல்: உள்ளே நடப்பது என்ன?

ஒரு செயலி ஓரளவு வளர்ந்துவிட்டால், அதை ஒற்றைக் கைபேசியில் பார்த்துவிட்டு வெளியிடுவது ஆபத்தானதாகிவிடுகிறது. திரையின் அகலம், ஆண்ட்ராய்டின் பதிப்பு, நினைவகத்தின் அளவு, பின்னணியில் ஓடும் செயலிகளைத் தயாரிப்பாளர் எவ்வளவு கடுமையாக நிறுத்துகிறார் என்பது ஆகிய எல்லாமே கருவிக்குக் கருவி மாறுகின்றன. தமிழ் இடைமுகம் கொண்ட செயலியில் ‘சமர்ப்பிக்கவும்’ என்ற பொத்தான் ஒரு திரையில் ஒரே வரியில் அடங்கும். இன்னொன்றில் பாதியில் உடைந்து நிற்கும். ஆகவே குழுவின் மேசையில் மெல்ல மெல்லக் கைபேசிகள் சேர்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் செருகி, நிறுவி, கழற்றிச் சலித்தவர்கள் ஒரே அழுத்தத்தில் எல்லாவற்றிலும் ஏற்றும் வழியைத் தேடத் தொடங்குகிறார்கள். வழிகள் பல உண்டு. ஆனால் எந்த வழியை எடுத்துக்கொண்டாலும் அடியில் நடப்பது மொத்த நிறுவல் அன்று. தனித்தனியான பல நிறுவல்கள் அருகருகே நடக்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய காரணத்தால் தோற்கக்கூடியது. இந்த வேலையில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

ஆண்ட்ராய்டில் கணினிக்கும் கைபேசிக்கும் இடையே பாலமாக இருப்பது ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ், சுருக்கமாக ஏடிபி. நாம் கட்டளையைத் தட்டும் நிரல் ஒன்று, கணினியின் பின்னணியில் 5037 என்ற போர்ட்டில் (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வாசலில்) காத்திருக்கும் சர்வர் ஒன்று, ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் ஓடும் சிறு சேவை ஒன்று என மூன்று பகுதிகள் அதில் உள்ளன. சர்வர் எத்தனை கைபேசிகளுடன் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் தொடர்பில் இருக்கும். ஆனால் நிறுவும் கட்டளை எப்போதும் ஒரு கைபேசியை நோக்கியதே. இரண்டு கைபேசிகள் இணைந்திருக்கும்போது எதுவென்று சொல்லாமல் கட்டளையிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் இருப்பதாகக் கூறி ஏடிபி மறுத்துவிடும். எந்தக் கருவி என்பதை அதன் வரிசை எண்ணைக் கொண்டு குறிப்பிட வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பு என்று சொல்வதற்கு ஏடிபியில் சொல்லே இல்லை. ‘இன்ஸ்டால் மல்டிபிள்’ என்ற கட்டளையைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட ஒரே செயலியை ஒரே கைபேசியில் சேர்த்து நிறுவுவதற்கானது அது. பந்தியில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்தாலும் இலை இலையாகத்தான் பரிமாற வேண்டும் என்பதைப் போன்றதே இங்குள்ள நிலைமை.

எனவே ‘ஒரே நேரத்தில்’ என்பதை ஏடிபிக்கு மேலே இருக்கும் மென்பொருள்தான் உருவாக்கித் தர வேண்டும். ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே பல கருவிகளைக் குறியிட்டு ஓடவிடும் வசதி உண்டு. நிரலிலிருந்து செயலியைக் கட்டியெழுப்பும் கிரேடிலில், டீபக் பில்டை (சோதனைக்கென்று உருவாக்கும் பதிப்பை) நிறுவும் பணியை இயக்கினால், இணைந்துள்ள பொருத்தமான கருவிகள் அனைத்திலும் அது நிறுவும். ஒன்றில் மட்டும் போதும் என்றால் ஆண்ட்ராய்டு சீரியல் என்ற சூழல் மாறியில் அந்தக் கைபேசியின் வரிசை எண்ணை வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் சேர்த்துச் செயலி எழுத உதவும் ஃபிளட்டரில் கருவியின் பெயருக்குப் பதிலாக ‘ஆல்’ என்று கொடுத்தால் இணைந்தவை எல்லாவற்றிலும் செயலி ஓடத் தொடங்கும். அதே வகையைச் சேர்ந்த ரியாக்ட் நேட்டிவில் இன்னொரு படி கூடுதலாக உண்டு. நிரல் மாற்றங்களைப் பரிமாறும் மெட்ரோ சர்வர் கணினியின் 8081 போர்ட்டில் இருக்கிறது. யூஎஸ்பி வழியாக அதை எட்ட, போர்ட்டைத் திருப்பிவிடும் ஏடிபி கட்டளையை ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக இட வேண்டும். செயலி பத்துக் கைபேசிகளிலும் ஏறிவிட்டது, ஆனால் ஒன்றில் மட்டும் பிழையைக் காட்டும் சிவப்புத் திரை வருகிறது என்ற நிலைக்குப் பெரும்பாலும் காரணம் இந்த விடுபட்ட கட்டளைதான்.

இவை எதுவும் பிடிக்காதவர்கள் தாங்களே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல்) எழுதிக்கொள்கிறார்கள். இணைந்த கருவிகளின் பட்டியலை ஏடிபியிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் நிறுவும் கட்டளையைப் பின்னணியில் தொடங்கி, எல்லாம் முடியும்வரை காத்திருப்பதுதான் அதன் முழு வேலை. என் மதிப்பீட்டில், ஐந்தாறு கைபேசிகளுக்கு மேல் இல்லாத குழுவுக்கு இதைவிடப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பட்டியலில் ‘ஆஃப்லைன்’ (தொடர்பில் இல்லை) அல்லது ‘அன்ஆத்தரைஸ்டு’ (அனுமதி தரப்படவில்லை) என்ற நிலையில் உள்ள கருவிகளை மௌனமாகத் தவிர்த்துவிடாமல் அவற்றைத் திரையில் அறிவிக்கும்படி எழுதுவது மட்டும் முக்கியம். வரிசை எண் தனித்துவமானது என்று முழுமையாக நம்பிவிடவும் கூடாது. மலிவான சில கைபேசிகள் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரையும், பிறகு ஏ முதல் எஃப் வரையும் வரிசையாக வைத்த ஒரே போலி எண்ணுடன் தொழிற்சாலையை விட்டு வருகின்றன. அப்படிப்பட்ட இரண்டை ஒன்றாகச் செருகினால் ஏடிபியால் வரிசை எண்ணைக் கொண்டு பிரித்தறிய முடியாது. விரிவான பட்டியலில் காட்டப்படும் இணைப்பு எண்ணைக் கொண்டுதான் அவற்றை அழைக்க வேண்டும்.

ஒவ்வொரு கைபேசியும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும் என்பது தற்செயலாக அமைந்ததல்ல. ஆண்ட்ராய்டு 4.2 முதல் டெவலப்பர் அமைப்புகள் மறைக்கப்பட்டன. பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால்தான் அவை வெளிப்படும். அடுத்து 4.2.2 பதிப்பில், கணினியின் ஆர்எஸ்ஏ சாவியை (அதை அடையாளம் காட்டும் மறையாக்கச் சாவியை) கைபேசியின் திரையில் ஒருவர் பார்த்து அனுமதித்தாலொழிய யூஎஸ்பி டீபக்கிங் நடக்காது என்ற பூட்டு வந்தது. வழியில் கிடைத்த சார்ஜரிலோ அந்நியரின் கணினியிலோ கைபேசியைச் செருகுபவரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. சோதனைக் கூடத்தில் அதுவே இடைஞ்சலாகிறது. ஆண்ட்ராய்டு 11 முதல், 7 நாட்கள் பயன்படுத்தாத சாவியின் அனுமதி தானாகவே ரத்தாகிவிடும். இழுப்பறையில் கிடந்த கைபேசியை இரண்டு வாரம் கழித்து எடுத்துச் செருகினால் அது மீண்டும் அனுமதி கேட்கும். சோதனைக்கென்றே வைத்திருக்கும் கருவிகளில் இந்தக் காலாவதியை டெவலப்பர் அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம். சில தயாரிப்பாளர்கள் இதற்கும் மேலே, யூஎஸ்பி வழியாக நிறுவ அனுமதி என்று தங்களுடைய தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதை இயக்காதவரை, பயனரே தடுத்துவிட்டார் என்ற பிழைச் செய்தியுடன் நிறுவல் நின்றுபோகும்.

இனி வேகத்தைப் பார்ப்போம். யூஎஸ்பி 2.0-இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது ஏட்டளவில் 60 மெகாபைட். நடைமுறையில் அதில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தாலே நல்லது. 100 மெகாபைட் அளவுள்ள ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பை) ஒரே ஹப்பில், அதாவது ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டியில், செருகிய 10 கைபேசிகளுக்கு அனுப்பினால், ஆயிரம் மெகாபைட்டும் அந்த ஒற்றைக் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். கோப்பு போய்ச் சேரவே ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும், அதை ஒருங்கே அனுப்பினாலும் சரி, வரிசையாக அனுப்பினாலும் சரி. ஆனால் நிறுவலின் மற்றொரு பாதி, அதாவது செயலியை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது, கோப்பைப் பிரித்து வைப்பது, நிரலைக் கருவிக்கேற்பத் தயாராக்குவது ஆகியவை, கைபேசியின் சொந்தச் செயலியகத்தில் (பிராசசரில்) நடக்கிறது. ஒருங்கே செய்வதன் ஆதாயம் முழுவதும் இந்தப் பாதியிலிருந்தே வருகிறது. ஆண்ட்ராய்டு 5.0, 6.0 பதிப்புகளில் நிறுவும்போதே செயலி முழுவதும் இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டதால் இந்தப் பகுதி மிக நீண்டது, 7.0-இல் அந்த வேலை, செயலி ஓடும்போதும் கைபேசி ஓய்வாக இருக்கும்போதும் செய்யப்படும்படி மாற்றப்பட்டதால் நிறுவல் விரைவானது. எனவே பழைய கைபேசிகள் கலந்த கூட்டத்தில், மொத்த வேலை முடியும் நேரத்தை அவற்றுள் மிக மெதுவானதே தீர்மானிக்கும்.

மின்சாரமும் இதில் ஒரு தரப்பு. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 500 மில்லி ஆம்பியர் மட்டுமே தரக் கடமைப்பட்டது; தனி மின்னூட்டம் இல்லாத ஹப் அந்த அளவைத்தான் தன்னிடம் செருகிய எல்லாக் கருவிகளுக்கும் பங்கிடும். பாதி நிறுவலில் இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும் கைபேசிகளுக்குப் பெரும்பாலும் நோய் இதுதான். மென்பொருளில் காரணம் தேடி ஒரு பகலைச் செலவழிப்பதற்கு முன் சுவரில் செருகும் அடாப்டர் உள்ள ஹப்பை வாங்குவது மலிவு. யூஎஸ்பி விதிப்படி ஒரு கட்டுப்பாட்டகத்தில் 127 கருவிகள்வரை இருக்கலாம் என்றாலும், கணினியின் யூஎஸ்பி வன்பொருள் அதற்கு வெகு முன்பே திணறத் தொடங்கும். கேபிளே வேண்டாம் என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு 11-இல் வந்த வயர்லெஸ் டீபக்கிங் உள்ளது. இணைப்புக் குறியீட்டை ஒவ்வொரு கைபேசியிலும் ஒருமுறை பொருத்திவிட்டால் போதும். ஆனால் பல அலுவலக வைஃபை வலைகளில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும், அங்கே இது வேலை செய்யாது.

பெருமளவில் இதைச் செய்தவர்களின் அனுபவம் இந்த வரம்புகளை நன்றாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் பிரைன்வில் என்ற ஊரில் உள்ள தன் தரவு மையத்தில் ஃபேஸ்புக் நிறுவனம் அமைத்த கைபேசிச் சோதனைக் கூடத்தைப் பற்றி அதன் பொறியாளர்கள் 2016-இல் எழுதினார்கள். 60 அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 32 கைபேசிகள். ஐஃபோன் அடுக்கு ஒன்றுக்கு 8 மேக் மினி கணினிகள், ஆண்ட்ராய்டு அடுக்கு ஒன்றுக்கு 4 சர்வர்கள். கணக்கிட்டால் ஒரு கணினிக்கு 4 ஐஃபோன்களோ 8 ஆண்ட்ராய்டு கைபேசிகளோதான் வருகின்றன. பணத்துக்குக் குறைவில்லாத நிறுவனமே ஒரு கணினியில் அதற்கு மேல் தொங்கவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இந்த அடுக்கை எட்டுவதற்கு முன் அவர்கள் செய்துபார்த்த அமைப்புகளில் அத்தனை கைபேசிகளின் வைஃபை ஒன்றையொன்று குழப்பியது. அதனால் ஒவ்வொரு அடுக்கையும் மின்காந்த அலை உள்ளே வராமலும் வெளியே போகாமலும் தடுக்கும் கூண்டாகவே வடிவமைத்தார்கள்.

வன்பொருள் ஒழுங்காக இருந்தும் நிறுவல் தோற்பதற்கு மிக அடிப்படையான காரணம் கையொப்பம். ஒவ்வொரு நிரலாளரின் கணினியிலும் ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பு டீபக் பில்டுகளுக்குக் கையொப்பமிட ஒரு டீபக் சாவியைத் தானாக உருவாக்கிக்கொள்கிறது. அது ஒருவருடைய கணினியில் உள்ளதுபோல் மற்றவருடையதில் இருக்காது. முன்பு நிறுவிய செயலியின் கையொப்பமும் புதிய கோப்பின் கையொப்பமும் ஒத்துப்போகாவிட்டால் ஆண்ட்ராய்டு புதுப்பிக்க மறுக்கும். பழையதை நீக்கினால்தான் வழி, நீக்கினால் அதன் தரவும் போய்விடும். நேற்று ஒருவர் நான்கு கைபேசிகளில் நிறுவியிருக்க, இன்று இன்னொருவர் பத்திலும் நிறுவ முயன்றால் ஆறில் வெற்றியும் நான்கில் தோல்வியும் வருவது இப்படித்தான். குழுவுக்கு ஒரே டீபக் சாவியை வைத்து அதை நிரல் களஞ்சியத்திலேயே சேமிப்பது எளிய தீர்வு. டீபக் சாவி இரகசியமானதல்ல என்பதால் அதில் தவறில்லை. கூகுள் பிளேயிலிருந்து இறக்கிய பதிப்பு வேறொரு சாவியால் கையொப்பமிடப்பட்டது என்பதால் அதன்மேலும் டீபக் பில்டை ஏற்ற முடியாது. டீபக் பில்டின் அடையாளப் பெயருக்கு ஒரு பின்னொட்டு சேர்த்துவிட்டால் இரண்டும் ஒரே கைபேசியில் அருகருகே இருக்கும்.

ஓடவிடும் பொத்தானை அழுத்தி ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ உருவாக்கிய ஏபிகே கோப்பை எடுத்துப் பிறருக்கு அனுப்புவது இன்னொரு வழக்கமான வழுக்கல். அந்தக் கோப்பில் சோதனைக்கு மட்டும் என்ற முத்திரை இருக்கும். கைபேசியில் தட்டி நிறுவ முடியாது, ஏடிபியிலும் அதற்கான தெரிவைச் சேர்த்தால்தான் ஏறும். அத்துடன், வேகத்துக்காக அப்போது இணைந்திருந்த கருவியின் செயலியக வகைக்கும் திரைக்கும் மட்டும் பொருந்தும்படி ஸ்டூடியோ அதைச் சுருக்கியிருக்கவும் கூடும். பகிர்வதற்கான கோப்பை பில்டு பட்டியல் வழியாகவோ கிரேடில் வழியாகவோ தனியே உருவாக்குவதே முறை. 2021 ஆகஸ்டு முதல் கூகுள் பிளேயில் புதிய செயலிகள், எல்லாக் கருவிகளுக்குமான துண்டுகளை ஒன்றாகக் கொண்ட ஆப் பண்டில் வடிவத்தில்தான் ஏற்கப்படுகின்றன. பயனருக்குப் போய்ச் சேருவது அவருடைய கருவிக்கென்று பிரித்தெடுத்த துண்டுகள். மேசையில் ஒற்றை ஏபிகேயைச் சோதித்துவிட்டு, கடையில் துண்டுகளை வெளியிட்டால், நாம் சோதித்ததும் பயனர் பெறுவதும் ஒன்றல்ல. பண்டில்டூல் என்ற மென்பொருள் இந்த இடைவெளியை அடைக்கிறது. பண்டிலிலிருந்து துண்டுகளின் தொகுப்பை உருவாக்கி, இணைந்த கைபேசிக்குப் பொருந்துவதைத் தேர்ந்து நிறுவும். அதற்கும் கைபேசியின் எண்ணை ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும்.

ஆப்பிள் இதே கட்டுப்பாட்டைக் கைபேசியிலிருந்து எடுத்துத் தன் சொந்தப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. சோதனைக்கான ஐஃபோன் ஒவ்வொன்றின் அடையாள எண்ணும் டெவலப்பர் கணக்கில் பதிவாக வேண்டும். ஓர் உறுப்பினர் ஆண்டில் ஒரு கருவி வகைக்கு 100 இடங்கள். பதிந்த கைபேசியை நடுவில் நீக்கினாலும் அந்த இடம் ஆண்டுப் புதுப்பிப்புவரை திரும்பக் கிடைக்காது. பதிவுப் பட்டியல் புரொவிஷனிங் புரொஃபைல் என்ற கோப்பாகச் செயலிக்குள்ளேயே வைக்கப்படுவதால், பதினோராவது ஐஃபோனைச் சேர்க்கும் நாளில் புரொஃபைலைப் புதுப்பித்துச் செயலிக்கு மீண்டும் கையொப்பமிட வேண்டும். ஐஓஎஸ் 16 முதல் ஒவ்வொரு கைபேசியிலும் டெவலப்பர் மோடை இயக்கி மறுதொடக்கம் செய்வதும் சேர்ந்துகொண்டது. இவற்றைக் கடந்துவிட்டால் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற மென்பொருளில் பல ஐஃபோன்களை ஒன்றாகத் தேர்ந்து செயலியை ஏற்றலாம். தானியங்கிச் சோதனைகளுக்கு, ஆப்பிளின் நிரலாக்க மென்பொருளான எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவியில் பல இலக்குகளை அடுத்தடுத்துக் கொடுத்தால் அவற்றில் இணையாக ஓடும்.

சோதிப்பவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் கேபிளுக்கு வேலையில்லை. ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட், கூகுள் பிளேயின் உள்சோதனைத் தடம், ஃபயர்பேஸ் ஆப் டிஸ்ட்ரிபியூஷன் ஆகியவை அங்கே பயன்படுகின்றன. டெஸ்ட்ஃபிளைட்டில் வெளிச் சோதனையாளர்கள் 10,000 பேர்வரை இருக்கலாம், ஒரு பில்டு 90 நாட்கள் செல்லும். பிளேயின் உள்சோதனையில் 100 பேர். இவற்றின் தன்மையே வேறு. கேபிளில் நாம் கைபேசிக்குள் தள்ளுகிறோம். இங்கே கைபேசியின் உரிமையாளர் வந்து எடுத்துக்கொள்ளும்வரை காத்திருக்கிறோம். திங்கட்கிழமை ஏற்றிய பில்டைப் பற்றி வியாழக்கிழமை வரும் குறை, அதற்கு முந்தைய பில்டைப் பற்றியதாக இருக்கக்கூடும். ஆகையால் செயலியின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்திலோ பதிப்புப் பெயரிலோ அந்த பில்டு உருவான கிட் கமிட்டின் (நிரல் களஞ்சியத்தில் பதிவான மாற்றத்தின்) சுருக்க எண்ணைப் பதித்து வைப்பது நல்லது. டீபக் பில்டுகளில் பதிப்பு எண் நாள்கணக்கில் மாறாமலே இருப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. மேசையில் உள்ள கைபேசிகளிலும் நிறுவல் வெற்றி என்ற செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்பதை ஏடிபி வழியாக ஒவ்வொன்றிடமும் திரும்பக் கேட்டுப் பட்டியலிடும் சில வரிகளை ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, தரவின் நிலை. எல்லாக் கைபேசிகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர, நிறுவுவதற்கு முன் பழைய செயலியை நீக்கிவிடும்படி பலர் ஸ்கிரிப்டை எழுதிவிடுகிறார்கள். கையொப்பச் சிக்கலும் அதோடு தீர்ந்துவிடுவதால் இது வசதியாகத் தோன்றுகிறது. ஆனால் உண்மையான பயனர்களில் பெரும்பாலோர் பழைய பதிப்பின்மேல் புதியதை ஏற்றிக்கொள்பவர்கள். தரவுத்தள அமைப்பை மாற்றும்போது நேரும் பிழைகள் அவர்களிடம்தான் வெடிக்கும், வெறுமையான கைபேசியில் அவை ஒருபோதும் தெரியா. எனவே பத்துக் கைபேசிகள் இருந்தால் ஏழெட்டைச் சுத்தமாக நிறுவி, மீதி இரண்டு மூன்றில் கடையில் இப்போதிருக்கும் பதிப்பை, சில வாரங்கள் பயன்படுத்திச் சேர்ந்த தரவோடு வைத்திருந்து, அதன்மேல் புதியதை ஏற்றிப் பார்ப்பதே பயனுள்ள பங்கீடு. இந்த இரண்டு மூன்றுக்கும் வெளியீட்டுச் சாவியால் கையொப்பமிட்ட பில்டு தேவைப்படும், ஸ்கிரிப்டில் அவற்றுக்குத் தனிக் கிளையும் வேண்டும். அந்தக் கைபேசிகளின் வரிசை எண்களை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்து, நீக்கும் கட்டளை அவற்றைத் தொடாதபடி செய்துவிட்டால் போதும்.